இடப்பக்கம் திரும்பும் ஒன்று

மழைக்கோட்டை வாசலிலேயே உதறிவிட்டு
உள்ளே வந்தாள் போஷேனா.
வூச் நகரத்தில் பத்தாம் எண் டிராமைப்
பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவள்.
"மகன் நார்வேக்குப் போய்விட்டான்.
பெட்டியையும் இரண்டு கன்ட்ரோலரையும்
டி.வி.க்குக் கீழே விட்டுப் போயிருக்கிறான்.
எனக்கு ஒரு விளையாட்டு சொல்."

பழைய டிஸ்க்குகளை வாங்கி விற்கும் கடை எங்களுடையது.
எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்:
"உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

பிடிக்காததிலிருந்து தொடங்கினாள்.
எல்லோரும் அப்படித்தான்.

"மூலையில் கடிகாரம் ஓடக்கூடாது.
துப்பாக்கி வேண்டாம்.
வழி தவறினால் யாரும் திட்டக்கூடாது.
நினைத்த இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
அப்புறம்..."
கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"குறுக்கே யாரும் ஓடி வரக்கூடாது."

நான் என் உயிரான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்:
கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் தீவு,
ஒரு விளக்கு,
ஒவ்வொரு வீடாகப் போய் விடைபெற வேண்டும்.
அதில் என் முந்நூறு மணி நேரம் கிடக்கிறது.

வியாழக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தாள்.
"நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் இது உனக்குப் பிடித்தது.
நான் கேட்டது எனக்கு."
கல்லாவில் சில்லறையை
நான் இரண்டு முறை எண்ணினேன்.

உள்ளறையிலிருந்து முதலாளி ஸெநொன் கத்தினார்:
"அந்த விவசாய விளையாட்டைக் கொடுடா!
ஐம்பது தாண்டியவர்கள் எல்லோருக்கும் அதுதான்!"
"பீட்ரூட் பிடுங்கிப் பிடுங்கி
என் அம்மாவின் முதுகு என்ன ஆனதென்று
எனக்குத் தெரியும்" என்றாள் போஷேனா,
உள்ளறைக் கதவைப் பார்த்து, சத்தமாக.

மூன்றாம் முறை கேள்வியை மாற்றினேன்.
"ஷிஃப்ட் முடிந்து டிப்போவுக்குள் வண்டியை நிறுத்தியதும்
முதலில் என்ன செய்வீர்கள்?"

யோசித்தாள். கண்ணாடிக்கு வெளியே
வேறு யாரோ ஓட்டும் பத்தாம் எண் போயிற்று.

"காலி வண்டியில் நடப்பேன்,
யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று.
குடை. ஒற்றைக் கையுறை. ஒரு தடவை ட்ரம்பெட்.
பிறகு பின்பக்கம் பார்த்த சீட்டில்
இரண்டு நிமிடம் உட்காருவேன்.
வந்த வழியைப் பார்க்க எனக்கு அப்போதுதான் முடியும்."

அடித்தட்டில் குனிந்து தேடினேன்.
அட்டை கிழிந்தது, நான்கு வருடமாக யாரும் தொடாதது,
விலை ஒன்பது ஸ்வோத்தி:
பனி மூடிய சிற்றூர், தொலைந்த பொருட்கள்,
எந்தப் பொருள் எந்த வீட்டுடையது என்று
நடந்து நடந்து கண்டுபிடிக்க வேண்டும்.
அவ்வளவுதான் விளையாட்டு.
சலிப்பானது என்று எச்சரித்தேன்.
"பத்தொன்பது வருடம்" என்றாள், பையில் போட்டுக்கொண்டு.

மூன்று வாரம் ஆளைக் காணோம்.
பிறகு ஒரு மாலை, சீருடையிலேயே.
"இதில் கோளாறு இருக்கிறது."

நான் ரசீதைத் தேட ஆரம்பித்தேன்.

"வடக்கே ஒரு ஏரி, உறைந்த ஏரி.
மரப்பாலத்துக்குப் பக்கத்தில் கால் வைத்தால்
ஐஸ் உடைவதில்லை, நான்தான் அதற்குள் போய்விடுகிறேன்.
தண்ணீர் இல்லை. தரை இல்லை.
ஊர் தலைக்கு மேலே தகடுபோல் மிதக்கிறது,
வீடுகளின் அடிப்பாகம் தெரிகிறது,
செய்தவர்கள் வண்ணம் பூச மறந்த பக்கம்.
விழுந்துகொண்டே இருந்தேன்.
நாற்பது நிமிடம்.
தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன்,
அப்போதும் விழுந்துகொண்டிருந்தேன்."

"மன்னிக்கவும், மாற்றித் தருகிறேன்..."

"முட்டாள்" என்றாள், முதன்முறையாகச் சிரித்து.
"தடம் புரண்டேன். நாற்பது நிமிடம்.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை."

குரலைத் தாழ்த்தினாள், ஸெநொனுக்குக் கேட்காமல்:
"இதேபோல் இன்னொன்று இருக்கிறதா?"

அலமாரியைப் பார்த்தேன்.
சாகசம், பந்தயம், புதிர், போர்.
அவள் கேட்டதற்கு ஒரு தட்டும் இல்லை.
"சனிக்கிழமை வாருங்கள்" என்றேன்.
அன்றிரவு வீட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டு
சுவர்களோடு உரசி உரசி நடந்தேன்,
எது என்னைக் கீழே விடும் என்று பார்த்தபடி.